தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்

அன்புள்ள இறால் பண்ணைக்கார நானாமாருக்கும், தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஐயாமாருக்கும், காவலுக்கு நாய் தேடித் திரியும் தம்பிமாருக்கும்,

தில்லையடியிலிருந்து எழுதுகிறேன். பாலாவி, மதுரங்குளி, முந்தல், உடப்பு என்று களப்போரமாகக் குளமோ காணியோ வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த மடல் போய்ச் சேர்ந்தால் சந்தோஷம்.

இறால் பிடிக்கும் நாள் கிட்ட வரும்போதுதான் நமக்கெல்லாம் நாய் ஞாபகம் வருகிறது. வாச்சருக்குக் கண் அயர்கிறது, கரையில் யாரோ வலை வீசிவிட்டுப் போன தடம் தெரிகிறது, உடனே ஒரு நாய் வேண்டும். போனை எடுத்துப் பேஸ்புக்கில் தேடினால் அல்சேஷன், ரொட்வைலர், டொபர்மன், லப்ரடோர் என்று படம் படமாக வருகிறது. வட்ஸ்அப்பில் விலை பேசி, வங்கியில் முற்பணம் போட்டு, மறுநாள் இரவு கொழும்பு வீதியில் ஏதாவது ஒரு சந்தியில் வானுக்குக் காத்து நிற்கிறோம். சாரதி ஒரு பிஸ்கட் பெட்டியை நீட்டுகிறார். உள்ளே ஈரமான பத்திரிகைத் தாளின் மேல் சுருண்டு கிடக்கிறது குட்டி. கூடவே ஒரு ஊசி அட்டை. ஒரு கிழமை போகவில்லை, குட்டி தின்ன மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, இரத்தமாகக் கழிகிறது. விற்றவருக்குப் போன் அடித்தால், "இங்கேயிருந்து போகும்போது நல்லாத்தானே இருந்தது" என்கிறார். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். இந்த வியாபாரத்தின் வில்லங்கமே அதுதான்.

இறால்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் இந்த மாவட்டத்துப் பண்ணைகளில் புகுந்து என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரும் குஞ்சைக் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. எந்த ஹெச்சரி, தாய் இறால் எங்கே பிடித்தது, பிசிஆர் துண்டு எங்கே என்று கேட்கிறீர்கள். தாயிலிருந்து குஞ்சுக்கு வைரஸ் இறங்கும் என்பதும், துள்ளித் திரியும் குஞ்சுக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கும் என்பதும் உங்களுக்கு நட்டப்பட்டு வந்த அறிவு. அதே ஆட்கள் நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் படத்தைப் பார்த்துக் காசு அனுப்புகிறீர்கள். இறாலிடம் காட்டுகிற சந்தேகத்தில் பாதியை நாய்க்குட்டியிடமும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த இரத்தக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் பார்வோ வைரஸ். 1978 அளவில்தான் இது உலகத்தில் தலைகாட்டியது. இரண்டொரு வருடத்துக்குள் எல்லாக் கண்டங்களுக்கும் பரவிவிட்டது. வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய மூன்று நாளிலிருந்து ஏழு நாள், சில வேளை இரண்டு கிழமையும் ஆகும். ஆகையால் விற்கிற இடத்தில் தொற்றிய குட்டி, உங்கள் கைக்கு வரும்போது வாலாட்டிக்கொண்டுதான் வரும். நோய் தெரிவதற்கு முந்திய சில நாட்களிலேயே அதன் மலத்தில் வைரஸ் கொட்டத் தொடங்கிவிடும். ரொட்வைலர், டொபர்மன், அல்சேஷன் மூன்றையும் இந்த நோய் மற்ற இனங்களைவிடக் கடுமையாகப் பிடிக்கும் என்கிறார்கள் மிருக வைத்தியர்கள். காவலுக்கென்று நாம் தேடிப் போவதும் இதே மூன்றைத்தான்.

"ஊசி போட்டாச்சு" என்ற பேச்சை நம்பி ஏமாறாதீர்கள். தாய்ப்பாலோடு குட்டிக்குள் போகும் எதிர்ப்புச் சக்தி நோயை மட்டுமல்ல, தடுப்பூசியையும் தடுக்கும். அது குறைவது ஒரு குட்டிக்கு எட்டாவது கிழமையில், இன்னொன்றுக்குப் பதினான்காவது கிழமையில். எப்போது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை, பதினாறு கிழமை வயது தாண்டும் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஆறாம் கிழமையில் ஒரு ஊசி போட்ட குட்டி, பாதுகாப்பு வந்த குட்டி இல்லை. அட்டையைக் கையில் வாங்கியதும் பாருங்கள்: ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய துண்டு இருக்கிறதா, அதில் தொகுதி இலக்கம் இருக்கிறதா, மிருக வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா, திகதி குட்டியின் வயதோடு பொருந்துகிறதா. பேனாவால் பெயர் மட்டும் எழுதிய அட்டையை யாரும் வீட்டில் இருந்தே எழுதலாம்.

ஆகவே போய்ப் பாருங்கள். கொழும்போ நீர்கொழும்போ குருநாகலோ, பஸ் ஏறிப் போங்கள். "நான் பாதி வழிக்குக் கொண்டுவந்து தாறேன், நீங்க ஏன் சிரமப்படுறீங்க" என்று யாராவது சொன்னால், அந்த உபசாரத்துக்கு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். வீட்டைக் காட்ட விரும்பாதவர் வீட்டில் என்னவோ இருக்கிறது. ஒரே இடத்தில் ஆறு ஏழு இனத்துக் குட்டிகள் எந்த நாளும் விற்பனைக்கு இருந்தால் அவர் வளர்ப்பவர் அல்ல, நாலு இடத்தில் வாங்கி விற்பவர். நாலு இடத்து நோயும் அங்கே ஒரு கூட்டில் சந்திக்கும்.

போன இடத்தில் முதலில் கேட்க வேண்டியது தாயை. தாயைப் போலப் பிள்ளை என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. தகப்பன் அங்கே இல்லாமல் போகலாம், அது குற்றமில்லை. நல்ல வளர்ப்பாளர்கள் வேறு ஊரிலிருந்துகூடக் கடுவன் கொண்டுவருவார்கள். எட்டுக் கிழமைக் குட்டி இருக்கும் வீட்டில் தாய் இல்லை என்றால் மட்டும் எந்தக் காரணமும் எடுபடாது. ஒரு தந்திரமும் உண்டு: வேறொரு பெட்டை நாயைக் கொண்டுவந்து "இதுதான் தாய்" என்று நிறுத்துவது. வயிற்றைக் குனிந்து பாருங்கள். குட்டி ஊட்டிய நாயின் முலைக்காம்பு நீண்டு, மடி தளர்ந்து தொங்கும்; முடி அங்கே உதிர்ந்திருக்கும். குட்டிகளைத் திறந்துவிட்டால் அவை நேரே அதன் அடியில் போய் மோதும். பால் கொடுத்த தாய் கொஞ்சம் மெலிந்திருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஜமான் கை நீட்டும்போது அது ஒடுங்குகிறதா, அந்நியரைக் கண்டு மூலையில் நடுங்குகிறதா, காரணமில்லாமல் பாய்கிறதா என்று கவனியுங்கள். பயந்த தாயின் குட்டியும் பயந்த குட்டியாக வர நிறைய வாய்ப்பு உண்டு. பயந்த நாய் காவலுக்கு உதவாது. யாரையாவது கடித்துவைக்க மட்டும் உதவும்.

நிலத்தைப் பாருங்கள். இளகிய மலம் ஓர் இடத்தில் கிடந்தாலும், எந்தக் குட்டியுடையது என்று தேட வேண்டாம். அந்த ஈற்றில் ஒன்றையும் எடுக்காதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவச் சொல்லி, இன்றைக்கு வேறு எங்காவது நாய் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று விசாரிக்கிற வளர்ப்பாளர் இருக்கிறார். கோபப்படாதீர்கள். அவரிடம்தான் வாங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று இடம் சுற்றுவதையும் விடுங்கள். உங்கள் செருப்பே வைரஸைக் கொண்டுபோகும்.

குட்டியைக் கையில் எடுக்கும்போது அவசரம் வேண்டாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி. இது காசு கொடுத்து வாங்குவது, பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எட்டுக் கிழமைக் குட்டிக்கு ஊசி போன்ற பால்பற்கள் இருபத்தெட்டும் முளைத்திருக்கும். முன்பல் மட்டும் எட்டிப்பார்த்து, கடைவாய் வெறும் ஈறாக இருந்தால், அது நான்கு ஐந்து கிழமைக் குட்டி. விற்பவர் என்ன வயது சொன்னாலும் பல் பொய் சொல்லாது. அப்படியே ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்துக்கு இரண்டு செக்கனுக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வர வேண்டும். ஈறே வெளிறிக் கிடந்தால் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் புழுவில் ஒரு வகையை 1911இல் லூஸ் என்ற ஆய்வாளர் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்து விவரித்தார். அதன் விஞ்ஞானப் பெயரில் இன்றும் சிலோன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாயிலிருந்து மனிதருக்கும் வரக்கூடியது அது. வெறுங்காலோடு வளவில் ஓடித்திரியும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வயிறு பானைபோல் உப்பி, முதுகெலும்பு துருத்தி நின்றால் அது கொழுத்த குட்டி அல்ல, வட்டப்புழு நிறைந்த குட்டி. இந்தப் புழு தாயின் கர்ப்பத்திலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. எனவே மிகச் சுத்தமான வீட்டிலும் இருக்கும். நல்ல வளர்ப்பாளர் இரண்டாம் கிழமையிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்கியிருப்பார். எந்தெந்தத் திகதியில், என்ன மருந்து என்று கேளுங்கள். பதில் தடுமாறாமல் வர வேண்டும். தொப்புளைத் தடவிப் பாருங்கள், மெத்தென்று ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை, வைத்தியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். முதுகு முடியை எதிர்ப்புறமாகக் கோதினால் மிளகுத்தூள் போலக் கறுப்பாக ஏதாவது உதிர்கிறதா? அதை ஈரமான வெள்ளைத் தாளில் தேயுங்கள். செம்மண்ணிறமாகக் கரைந்தால் அது தூசு அல்ல, தெள்ளுப் பூச்சியின் எச்சம், செரித்த இரத்தம். காதுக்குள் மூக்கை வைத்து மணந்து பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் எதுவும் கூடாது. பிறகு நிலத்தில் விட்டு நடக்கவும் ஓடவும் வைத்துப் பாருங்கள்.

மூலையில் தனியே படுத்திருக்கும் குட்டியைக் கண்டு "இது நல்ல அமைதியான குட்டி" என்று சொல்வார்கள். மற்றவை மல்லுக்கட்டும்போது ஒன்று மட்டும் ஏன் எழும்பவில்லை? காய்ச்சலாக இருக்கலாம். இரக்கப்பட்டு அதைத் தூக்கிவருவோரில் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். இரக்கம் பெரிய குணம். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருவது அடுத்த ஈற்றுக்கும் அதே கூட்டைப் பயன்படுத்தப் போகிறவரிடம்.

இன்னொரு சின்னச் சோதனை. குட்டி உங்களைப் பார்க்காத நேரத்தில், அதன் பின்னால் திறப்புக்கோவையைக் கீழே போடுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டும். வெள்ளை முடி இனங்களில் பிறவிச் செவிடு அதிகம். அமெரிக்காவில் சோதித்த டல்மேஷன் நாய்களில் 100க்கு 30 அளவில் ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காதவை. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு ராஜபாளையம் நாய் எடுப்பிக்க முடியுமா என்று கேட்கும் தம்பிமாருக்கும் இதே பதில். 2005இல் இந்தியத் தபால் தலையில் இடம்பிடித்த அழகான வெள்ளை நாய்தான், ஆனால் செவிட்டுக் குட்டிகள் அந்த இனத்திலும் பிறக்கின்றன.

இனம் பற்றி நீட்ட விருப்பமில்லை. அல்சேஷன், ரொட்வைலர், லப்ரடோர் எது வாங்கினாலும் தாய் தகப்பனின் இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுப் பொருந்தாத குறை பரம்பரையாக வருவது, பல வேளை நாய் வளர்ந்து பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கும்போதுதான் தெரியும். இங்கே எக்ஸ்ரே எடுத்து வைத்திருப்பவர் குறைவு. கேட்கிறவர் கூடினால் எடுப்பார்கள். இலங்கைக் கெனல் கழகத்தின் பதிவுப் பத்திரம் வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. ஒரே பெயர் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய இரத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் படிக்கவாவது அந்தத் தாள் உதவும். ஹஸ்கி கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நிழலிலேயே வியர்த்து ஊற்றும் நம் ஊரில், உப்பளக் காற்றில், பனிநாட்டுக் கம்பளியைப் போர்த்திய ஒரு சீவனைக் கட்டிவைக்க நினைப்பதற்குக் காரணம் படம்தான், காவல் இல்லை.

இனி, நம் ஊரில் யாரும் சத்தமாகப் பேசாத ஒன்று. வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிர்க்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் இடம் இருக்கிறது என்பது ஆலிம்கள் சொல்லித் தெரிந்ததே. விலை கொடுத்து வாங்குவது வேறு கேள்வி. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் வியாபாரம் செல்லாது; ஹனஃபி மத்ஹபில் பயனுள்ள நாய்க்கு விலை பேச இடம் உண்டு. தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை, பள்ளியில் கேட்டுத் தெளியுங்கள். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். அயலார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தில்தான் பலர் இராத்திரியில் வானில் எடுப்பிக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை, தெரிந்தவரிடம் விசாரிப்பதில்லை, குட்டி செத்தால் வாய் திறப்பதும் இல்லை. நோயாளிக் குட்டி விற்பவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

காசு கொடுக்க மனமில்லாதவருக்கு வழி இல்லாமலும் இல்லை. களப்போரத்து வாடிகளிலும் தோட்டங்களிலும் நாட்டு நாய் ஈன்றபடிதான் இருக்கிறது. வாச்சரை எழுப்பக் குரைக்கிற நாய்தான் தேவை என்றால், இந்த வெயிலுக்கும் உப்புக்கும் பழகிய அந்தக் குட்டி போதும், மிஞ்சும். மேலே சொன்ன பல், ஈறு, வயிறு, தாய் எல்லாம் அதற்கும் பொருந்தும். கட்டாக்காலித் தாயாக இருந்தால் அதற்கும் ஒரு கருத்தடைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள், அடுத்த வருடம் இன்னொரு ஆறு குட்டி தெருவில் நிற்காது.

எட்டுக் கிழமைக்கு முன் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடிக்கும் வலுவை அளந்து வைக்க அது கற்றுக்கொள்வது கூடப்பிறந்தவற்றோடு மல்லுக்கட்டித்தான். ஸ்கொட், புல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் நூலாக எழுதினார்கள்: மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமை வரைக்கும் மனிதரையும் உலகத்தையும் பழகாத குட்டி, பிறகு பழகுவது கடினம். கொண்டுவந்த அன்றே குளக்கரையில் சங்கிலி போட்டுத் தனியே கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊசி முடியும் வரை ஊர் நாய்கள் திரியும் இடத்தில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டுபோய் ஆட்களையும் வண்டிகளையும் காட்டலாம்.

காசைக் கொடுக்கும் முன் ஒரு கொப்பித் தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். மூன்று நாளுக்குள் என் மிருக வைத்தியரிடம் காட்டுவேன், நோய் என்று சொன்னால் பணம் திரும்ப வேண்டும் என்று. இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். குட்டி வீட்டுக்கு வந்த பிறகு யாரையாவது கடித்தால், பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். விசர்நாய் நோய் குட்டிக்கும் வரும். பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

இவ்வளவு பார்த்தும் குட்டி செத்துப்போகலாம். அப்போது விற்றவர், நல்லவராக இருந்தால், "அதே ஈற்றில் இன்னொன்று தாறேன்" என்பார். வாங்காதீர்கள், அதே கூடு, அதே வைரஸ். பணத்தைக் கேளுங்கள். பார்வோ உங்கள் வளவு மண்ணிலும் மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். டெட்டோல் அதற்கு ஒன்றும் செய்யாது. சீமெந்துத் தரையையும் பாத்திரத்தையும் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கடையில் விற்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். மண்ணில் ப்ளீச் வேலை செய்யாது, ஆகையால் அந்த வளவுக்கு ஒரு வருடத்துக்காவது குட்டி வேண்டாம். நாய் இல்லாமல் முடியாது என்றால், ஊசி எல்லாம் முடித்து நாலு மாதம் தாண்டிய ஒன்றைத் தேடுங்கள். அதற்கும் தாயைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தில்லையடியிலிருந்து உங்கள் அயலவன்